பரத்பூர்: வைஸ்ராய் சுட்டதும் எருமை மேய்ந்ததும்

ஜனவரி மாத லாங் வீக்கெண்டுக்கு நைனிதால் என்றுதான் முடிவாகியிருந்தது. டெல்லியில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் நான்கு பேர், ஒரு வண்டி, மூன்று நாள். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, மலையில் பனி கொட்டி ரோடு அடைபட்டுவிட்டது என்று செய்தி வந்தது. லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, பெட்டியும் கட்டியாகிவிட்டது. "பரத்பூர் போகலாமே, பறவை பார்க்கலாம்" என்றார் எங்களில் கேமரா வைத்திருப்பவர். "குருவி பார்க்கவா சார் லீவு போட்டோம்?" என்றார் இன்னொருவர். சுமார் 180 கிலோமீட்டர்தான், மதுராவைத் தாண்டினால் வந்துவிடும் என்றதும் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

எனக்கும் பறவைகளுக்கும் அவ்வளவாகப் பழக்கமில்லை. காக்கா, மைனா, கொக்கு தெரியும். அதற்கு மேல் எல்லாமே "வாத்து மாதிரி ஒன்று". படித்தது பி.காம்., வேலை பேங்கில். ஆனால் அந்தப் பூங்காவுக்குள் என் சப்ஜெக்ட்டிலேயே ஒரு விஷயம் இருந்தது. கல்லில் வெட்டிய கணக்கு. அதைப் பார்த்துவிட்டு வந்து, அங்கும் இங்கும் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்லில் ஒரு லெட்ஜர்

கேவலாதேவ் தேசியப் பூங்கா என்பது அதன் இன்றைய பெயர். கானா என்றும் சொல்வார்கள். கேவலாதேவ் என்பது உள்ளே இருக்கும் சிவன் கோயில். கானா என்றால் அடர்ந்த காடு. மொத்தப் பரப்பு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஒரு சரணாலயத்துக்கு இது ரொம்பச் சின்ன இடம். சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒரே நாளில் முக்கால்வாசி பார்த்துவிடலாம். ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களே வழிகாட்டிகளும். எங்களுக்கு வாய்த்தவர் அறுபதைத் தாண்டியவர், பக்கத்து கிராமம். தாவூஜி என்று கூப்பிட்டோம் (அந்தப் பக்கம் பெரியப்பாவை அப்படித்தான் அழைப்பார்கள்). கையில் பழைய பைனாகுலர். வெறும் கண்ணாலேயே நூறு அடி தள்ளி மரப்பொந்தில் தூங்கும் ஆந்தையைக் காட்டினார்.

கோயிலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கல்வெட்டுப் பலகைகள். ஏதோ மன்னர் பரம்பரை என்று நினைத்துத்தான் கிட்டப் போனேன். பார்த்தால் தேதி, எந்தப் பிரமுகர் வருகைக்காக, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று பத்தி பத்தியாகப் பிரித்து எழுதியிருக்கிறது. சுட்டு வீழ்த்திய பறவைகளின் கணக்கு!

1902 டிசம்பர் 1, லார்ட் கர்சன் வந்தபோது 540. 1914ல் லார்ட் ஹார்டிங் வந்தபோது 4,062. எல்லாவற்றுக்கும் உச்சம் 1938 நவம்பர் 12. வைஸ்ராய் லின்லித்கோ, 39 துப்பாக்கிகள். காலையில் 3,044, மதியத்துக்கு மேல் 1,229. ஆக மொத்தம் 4,273. பேங்க்காரன் புத்தி, மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். சரியாக டேலி ஆகிறது. துப்பாக்கிக்குச் சராசரி 110 பறவை. கூட வந்தவர்களில் ஒருவர் "ஐயோ பாவம்" என்றார். எனக்கு முதலில் தோன்றியது பாவம்கூட இல்லை, அந்தத் துல்லியம். ஒரு பறவை கணக்கில் விடுபடவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. இந்த வேட்டை இல்லாமல் இருந்திருந்தால், இப்போது நாம் போய்ப் பார்க்கும் சரணாலயமும் இருந்திருக்காது.

பள்ளமும் அணையும்

இந்த இடம் இயற்கையான ஒரு பள்ளம். மழை நல்லபடியாகப் பெய்தால் தண்ணீர் தேங்கும், பிறகு வற்றும், அவ்வளவுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ் மல் (இறந்தது 1763) காலத்தில், கம்பீர் நதியும் பாணகங்காவும் சேரும் இடத்தில் அஜான் அணை கட்டப்பட்டது. வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பாற்றுவதும் தண்ணீரைத் தேக்குவதும் நோக்கம். அங்கே தேங்கும் தண்ணீரைத் திறந்து விட்டால் இந்தப் பள்ளம் நிறையும்.

பரத்பூரில் தண்ணீரும் அதிகாரமும் எப்போதும் சேர்ந்தே வரும். 1805ல் ஆங்கிலத் தளபதி லார்ட் லேக் நான்கு தடவை முட்டி மோதியும் இந்த ஊர்க் கோட்டைக்குள் நுழைய முடியவில்லை. மண் சுவரும், நீர் நிறைந்த அகழியும். அடுத்து 1825 டிசம்பரில் லார்ட் கோம்பர்மியர் வந்தார். கோட்டைச் சுவரைத் தொடுவதற்கு முன்பே பக்கத்து ஏரியின் கரையைப் பிடித்து, அகழிக்குத் தண்ணீர் போகாதபடி நிறுத்தினார். 1826 ஜனவரியில் கோட்டை விழுந்தது. மடை யார் கையில் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வி கடைசி வரை வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை விழுந்த பிறகு சமஸ்தானத்துக்குப் போர் இல்லை. துரைமார்களைச் சந்தோஷப்படுத்தும் வேலைதான் மிச்சம். 1890களின் பின்பகுதியிலிருந்து, சும்மா கிடந்த இந்தப் பள்ளத்தை வாத்து வேட்டைக்காகவே வடிவமைக்கத் தொடங்கினார்கள். குறுக்கும் நெடுக்கும் சின்னச் சின்னக் கரைகள், இடையிடையே மடைகள். எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம், எத்தனை நாள் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு. நாங்கள் ரிக்‌ஷாவில் போன பாதை அந்தக் கரைகள்தான். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரங்கள், மரத்துக்கு மரம் மஞ்சள் மூக்கு நாரைக் கூடுகள். ஒரே மரத்தில் அபார்ட்மென்ட் மாதிரி பத்துப் பதினைந்து குடும்பம். பார்க்கிறவர்கள் இதைக் கன்னி மாறாத இயற்கை என்று நினைப்பார்கள். உண்மையில் இது நம் ஊர் ஏரி, கண்மாய் மாதிரி மனிதன் மண்வெட்டி பிடித்துச் செய்த இடம். பறவைகளுக்கு அதைப் பற்றி ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்துகொண்டே இருந்தன.

சாலிம் அலி வாங்கிய ஸ்டே

1947க்குப் பிறகு இந்த இடத்துக்குப் பெரிய ஆபத்து வந்தது துப்பாக்கியால் இல்லை, கலப்பையால். நாட்டில் உணவுப் பஞ்சம். மகாராஜா சுட்டு விளையாட இவ்வளவு நிலமும் தண்ணீரும் எதற்கு, தண்ணீரை வயலுக்குத் திருப்பு, நிலத்தைப் பங்கு போட்டுக் கொடு என்று சுற்றுக் கிராமத்து விவசாயிகள் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? பறவை நிபுணர் சாலிம் அலி விஷயத்தை நேரு வரைக்கும் கொண்டுபோய்த் தடுத்தார். 1956ல் சரணாலயம் ஆயிற்று.

ஆனால் மகாராஜாவின் சுடும் உரிமை 1972 வரை ரத்தாகவில்லை. கடைசிப் பெரிய வேட்டை 1964ல். பெயர்ப் பலகையில் சரணாலயம், உள்ளே துப்பாக்கிச் சத்தம். அதே வருடங்களில் சாலிம் அலியின் குழு இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. சோவியத் நாட்டில் அந்த வளையங்கள் சில கிடைத்த பிறகு, எது எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஆதாரம் சேர்ந்தது. ஒரே ஏரியில் ஒருவர் சுட, இன்னொருவர் வளையம் மாட்ட... நம் நாட்டில்தான் இது நடக்கும்!

இத்தனை காலமும் இன்னொரு கூட்டமும் இந்த இடத்தை உபயோகித்துக்கொண்டிருந்தது. சுற்றுக் கிராமத்து மாடுகளும் எருமைகளும். வைஸ்ராய் வந்த காலத்திலும் மேய்ந்தன, சரணாலயம் ஆன பிறகும் மேய்ந்தன. ஏறக்குறைய 2,500 மாடும் எருமையும் என்பது எண்பதுகளின் தொடக்கத்துக் கணக்கு. ஜனங்கள் புல் அறுத்தார்கள், சுள்ளி பொறுக்கினார்கள், வெட்டிவேர் தோண்டினார்கள்.

1982 நவம்பர்

1981ல் பரத்பூர் ராம்சார் பட்டியலில் ஏறியது. அதை ஒட்டியே தேசியப் பூங்கா ஆனது. சரணாலயம் என்பதற்கும் தேசியப் பூங்கா என்பதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. தேசியப் பூங்காவில் மேய்ச்சல் கூடாது. பறவை நிபுணர்களும், சாலிம் அலி உட்பட, மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்ற கட்சிதான். சுற்றிலும் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மதில் எழும்பியிருந்தது. 1982 நவம்பரில் மேய்ச்சலுக்குத் தடை. மாற்று மேய்ச்சல் நிலம் எதுவும் காட்டவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போகப் பார்த்தவர்களுக்கும் போலீசுக்கும் மோதல், துப்பாக்கிச் சூடு, சாவு.

எத்தனை பேர் இறந்தார்கள்? நான் படித்தவற்றில் ஒன்று ஏழு என்கிறது, இன்னொன்று ஒன்பது என்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டேன். 1938ல் காலையில் எத்தனை வாத்து, மதியத்துக்கு மேல் எத்தனை வாத்து என்பது கல்லில் இருக்கிறது. 1982ல் எத்தனை மனிதர் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வித்தியாசம். அந்தக் கல்வெட்டுகள் பக்கத்தில் இவர்களுக்கு ஒரு சின்னக் கல்லும் என் கண்ணில் படவில்லை.

தாவூஜியிடம் கேட்டோம். "எங்கள் வீட்டில் ஆறு எருமை சாப். எல்லாம் உள்ளேதான் மேயும். மதில் கட்டினார்கள். அப்புறம் ஒரு நாள் கேட்டை மூடினார்கள்" என்றார். எருமை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "விற்றோம்" என்றார். அதற்கு மேல் நண்பர் ஏதோ கேட்க வாயெடுத்தபோது பைனாகுலரை நீட்டி, "அதோ சாரஸ் ஜோடி" என்று காட்டினார். ஆளுயரக் கொக்குகள் இரண்டு, சிவந்த கழுத்து, ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி மெதுவாக நடந்துகொண்டிருந்தன. யாரும் மேலே எதுவும் கேட்கவில்லை.

எருமை பார்த்த வேலை

மேய்ச்சலை நிறுத்தினால் பறவை பெருகும் என்பதுதான் கணக்கு. நடந்தது நேர்மாறு. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் (பி.என்.எச்.எஸ்.) 1980 முதல் பத்து வருடம் இங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்தது. வி.எஸ். விஜயன் தலைமை. தடைக்கு முன்னும் பின்னும் இரண்டையும் கண்ணால் பார்த்த ஆராய்ச்சி என்பதுதான் இதன் பலம். 1991ல் வந்த அறிக்கை சொன்னது இது: எருமை தின்றுகொண்டிருந்த ஒரு நீர்ப்புல், தின்ன ஆளில்லாமல் தண்ணீர் முழுக்கப் படர்ந்துவிட்டது. வாத்துகள் இறங்கி நீந்தத் திறந்த தண்ணீர் இல்லை. மீனுக்கும் கஷ்டம். மீன் குறைந்தால் மீன் தின்னும் பறவைக்கும் கஷ்டம். புல்லை எரித்துப் பார்த்தார்கள், இயந்திரம் வைத்து அகற்றிப் பார்த்தார்கள். எருமை சம்பளம் வாங்காமல் செய்த வேலையை இயந்திரத்தால் செய்து முடிக்க முடியவில்லை. மேய்ச்சல் கூடாது என்று சொன்ன சாலிம் அலி எந்தச் சங்கத்தின் முகமாக இருந்தாரோ, அதே சங்கம்தான் எருமையை முழுசாக வெளியேற்றியது சரியில்லை என்றும் எழுதிற்று. முன்பு சொன்னதற்கு எதிராக வந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கிராமத்தாரைப் புல் அறுக்க உள்ளே விட்டதும் தடைக்குப் பிறகு வந்த சமரசம்தான். எருமை மட்டும் திரும்பி வரவில்லை.

சைபீரியக் கொக்கு விஷயமும் உண்டு. வெள்ளை வெளேரென்று, சிவந்த முகத்துடன், மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாக இங்கே வந்துகொண்டிருந்த கூட்டம். 1964-65 குளிர்காலத்தில் 200 வந்தன. 1992-93ல் ஐந்து. கடைசியாக ஒரு ஜோடி 2001-02ல் வந்தது. அதோடு சரி. வழியில் நடக்கும் வேட்டைதான் முக்கியக் காரணம் என்பது நிபுணர்கள் கருத்து. பக்கத்துக் கிராமத்தார் இன்னொன்றும் சொல்வதுண்டு. எருமை மிதித்தும் நாங்கள் வெட்டிவேர் தோண்டியும் சேறு பொலபொலவென்று இருந்தது, கொக்கு அலகை நுழைத்துக் கிழங்கு எடுக்கும், நிலம் இறுகிப்போனதும் அதற்குத் தீனி இல்லை என்று. ஆப்கானிஸ்தான் துப்பாக்கிக்கு இது பதிலாகாது. ஆனால் எருமையை வெளியேற்றி ஒன்பது வருடம் கழித்து வந்த அறிக்கையைப் படித்தவர்கள், கிராமத்தார் பேச்சை வெறும் கதை என்று தள்ளிவிட யோசிப்பார்கள்.

வேடந்தாங்கல் கணக்கு

இதைப் படிக்கும்போது எனக்கு வேடந்தாங்கல் ஞாபகம் வந்தது. அங்கேயும் மனிதன் வெட்டிய ஏரிதான், அங்கேயும் வெள்ளைக்காரன் துப்பாக்கிதான். ஆனால் கதை தலைகீழ். சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக்கொடுத்தார். கவுல் என்பார்கள் அந்தப் பத்திரத்தை. ஊருக்கு என்ன லாபம்? பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். மூட்டை உரம் கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே கண்டுபிடித்த ஓசி உரம்!

வேடந்தாங்கல்காரன் பறவையைக் காப்பாற்றினால் அவன் வயல் விளைந்தது. பரத்பூர்க்காரனுக்குப் பறவையைக் காப்பாற்றியதில் மேய்ச்சல் போயிற்று, சுள்ளி போயிற்று, உயிரும் போயிற்று. வரவெல்லாம் ஒரு கணக்கில், பற்றெல்லாம் இன்னொருவன் கணக்கில் என்றால் அந்த அக்கவுண்ட் ரொம்ப நாள் ஓடாது. இதற்கு பி.காம். படித்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

மறுபடியும் மடை

1985ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம் என்ற அந்தஸ்தும் கொடுத்துவிட்டது. அந்தஸ்து வந்தது, தண்ணீர் போயிற்று. கம்பீர் நதியில் மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை எழும்பியது. அங்கேயிருக்கும் விவசாயி கேட்டது, "என் வயல் காய்கிறது, வாத்துக்குத் தண்ணீரா?" 1950களில் பரத்பூர் விவசாயி கேட்ட அதே கேள்வி. மேல்மடை கீழ்மடை சண்டை நமக்குப் புதிதா என்ன? 2004ல் விவசாயிகள் எதிர்ப்புக்கு மாநில அரசு பணிந்தது. 54 கோடி கன அடி வர வேண்டிய இடத்தில் வந்தது 1 கோடியே 80 லட்சம். பறவைகள் வேறு இடம் பார்த்துப் போயின.

அதற்கப்புறம் யமுனைப் பக்கத்து வெள்ள நீரைக் கொண்டுவர கோவர்தன் வடிகால் திட்டம் போட்டு, 2012ல் முடித்தார்கள். சம்பல் நதியிலிருந்து குழாய்த் தண்ணீரும் வருகிறது. தண்ணீர் வந்தாயிற்றே, பிறகென்ன என்று கேட்டேன். தாவூஜி சிரித்தார். நதித் தண்ணீரில் மீன் குஞ்சு சேர்ந்து வரும், குழாயில் என்ன வரும் என்றார். பி.என்.எச்.எஸ். ஆராய்ச்சியும் இதைச் சொல்கிறது: மழைக்காலத்தில் நதியோடு வரும் லட்சக்கணக்கான மீன் குஞ்சுகளை நம்பித்தான் நாரைகள் இங்கே கூடு கட்டுகின்றன. வெறும் தண்ணீர் குளத்தை நிரப்பும், வயிற்றை நிரப்பாது.

நல்ல செய்தி ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் சீமைக்கருவேலம் என்கிறோமே, அதே சனியன் இங்கே விலாயத்தி கீகர். 1940ல் ஜோத்பூர் சமஸ்தானம் இதற்கு ராஜ மரம் என்று பட்டமே கொடுத்தது! தண்ணீர் குறைந்த வருடங்களில் பூங்காவுக்குள் இது கண்டபடி பரவியது. 2007ஐ ஒட்டி அதை அகற்றும் வேலையில் சுற்றுக் கிராமத்தாரையே இறக்கினார்கள். வேரோடு பிடுங்கு, விறகை நீ எடுத்துக்கொள் என்று ஏற்பாடு. கூலிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பூங்காவுக்குக் காலி நிலம், அவர்களுக்கு அடுப்பு விறகு. இருபத்தைந்து வருடம் மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைக் கூப்பிட்டதும் வந்து வேலையை முடித்துக் கொடுத்தார்கள். எருமை விஷயத்திலும் இப்படி ஒரு ஒப்பந்தம் 1982லேயே போட்டிருக்க முடியாதா? இத்தனை மாதத்துக்கு இத்தனை எருமை, இன்ன பகுதியில் மட்டும் என்று. மடை வைத்துத் தண்ணீரை அளந்து விடத் தெரிந்த ஊரில் எருமையை அளந்து விடுவதா கஷ்டம்?

போக நினைப்பவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். மூடுபனியால் ரயில் தாமதமாகும், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விட்டால் வரித்தலை வாத்தும் ஊசிவால் வாத்தும் கிட்டத்தில் பார்க்கலாம். வயதான ரிக்‌ஷாக்காரராகப் பார்த்து ஏறுங்கள். கோயில் பக்கத்தில் இறங்கிக் கல்வெட்டை நிதானமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் 1982ல் இங்கே என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள். சொன்னால் சொல்லட்டும். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.